நோர்வே மலைகளில் ஓர் அரையாண்டு

வெளிநாடு போய்ப் படிப்பதென்றால் எம்மவர் மனதில் வருவது மருத்துவம், பொறியியல், கணக்கியல் போன்றவைதான். நான் 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் தொடக்கம் டிசம்பர் வரை நோர்வே நாட்டில் படித்ததோ மலை நடை, கூடாரத்தில் இரவு தங்கல், பனிக்கட்டியாற்றின் மேல் கயிறு கட்டி ஏறுதல். இதைச் சொன்னால் முதலில் சிரிப்பவர்களே அதிகம். "உதுக்கும் சோதினை வைக்கிறவையோ?" என்று எங்கள் ஒழுங்கையிலுள்ள ஒரு மாமி கேட்டார். வைத்தார்கள். அதைப் பின்னர் சொல்கிறேன்.

நான் முல்லைத்தீவுக் கரையோரத்தில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். எமது பல்கலைக்கழகத்துக்கும் நோர்வேயின் மேற்குப் பகுதியிலுள்ள ஒரு கல்லூரிக்கும் இடையிலான மாணவர் பரிமாற்ற ஏற்பாட்டில் எனக்கு இந்த வாய்ப்புக் கிடைத்தது. செலவைப் புலமைப்பரிசில் பார்த்துக்கொண்டது. படிக்கிற பிள்ளைகள் உள்ள சகோதரிகளுக்காக ஒன்று சொல்லவேண்டும். நோர்வேயின் அரச பல்கலைக்கழகங்களில் முன்னர் எந்த நாட்டவருக்கும் கற்கைக் கட்டணம் இருக்கவில்லை. 2023 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து பட்டப்படிப்புக்குப் போகும் மாணவர்கள் கட்டணம் செலுத்தவேண்டும். ஆனால் இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பரிமாற்ற ஒப்பந்தத்தில் போகிறவர்களுக்கு அது பொருந்தாது. ஆகவே பிள்ளை இங்கே படிக்கும் பீடத்திலேயே அப்படியொரு ஒப்பந்தம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

நான் போன ஊர் சொங்டால். சொங்னெ ஃபியோர்ட் என்ற கடல்நீரேரியின் கிளையொன்றின் ஓரத்தில் இருக்கும் சிறு பட்டணம். எங்கள் நந்திக்கடலைப் போல ஆழமில்லாத நீரேரியென்று எண்ணிவிடாதீர்கள். பனிக்கட்டி அறுத்த மலைப் பள்ளத்துக்குள் கடல் 200 கிலோமீற்றருக்கு மேல் உள்ளே நுழைந்து கிடக்கிறது. ஆழமான இடத்தில் ஏறத்தாழ 1,300 மீற்றர். இருபக்கமும் மலை சுவர்போல நிற்கும்.

பாடத்தின் பெயர் ஃபிரிலுஃப்ட்ஸ்லீவ். தமிழில் திறந்தவெளி வாழ்வு எனலாம். அங்கே இது பணக்காரர் பொழுதுபோக்கு அல்ல. பாலர் பாடசாலைப் பிள்ளைகள் மழையிலும் பனியிலும் வெளியே விளையாடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முதியவர்கள்கூட முதுகுப்பையுடன் மலைக்குப் போகிறார்கள். எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பேர் இருந்தோம். பெரும்பாலானோர் ஜேர்மனி, ஒல்லாந்து, பிரான்ஸ் நாடுகளிலிருந்து வந்தவர்கள். தென்னாசியாவிலிருந்து நான் ஒருத்திதான். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி எங்கள் விரிவுரையாளர். அங்கே மாணவர்கள் ஆசிரியரை முதற்பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். எனக்கு நாக்கு வளையவில்லை. கடைசிவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டேன்.

முதல் நாள் வகுப்பு ஒரு சட்டத்தைப் பற்றியது. 1957 ஆம் ஆண்டு நோர்வேப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பயிர் செய்யாத காடு, மலை, கடற்கரை எவருடைய உடைமையாக இருந்தாலும் யாரும் அதில் நடக்கலாம், தங்கலாம், காட்டுப்பழம் பறிக்கலாம் என்பது அதன் சாரம். உள்ளூரவர், வெளிநாட்டவர் என்ற வேறுபாடு கிடையாது. நிபந்தனைகளும் உண்டு. ஆளிருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றருக்கு உள்ளே கூடாரம் போடக்கூடாது. உயர்மலை தவிர்ந்த இடங்களில் இரண்டு இரவுகளுக்கு மேல் ஒரே இடத்தில் தங்குவதென்றால் காணிக்காரரைக் கேட்கவேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை காட்டில் தீ மூட்டக்கூடாது. பயிர்நிலத்தை மிதிக்கக்கூடாது.

மற்றவர்கள் இதைக் குறிப்பெடுத்துக்கொண்டு இருந்தார்கள். நான் பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். காணி என்ற சொல்லோடு முள்ளுக்கம்பியையும் சேர்த்தே பார்த்து வளர்ந்த எனக்கு, வேலியைத் தாண்டி நடக்க ஒரு சட்டம் இருப்பது விளங்கச் சிறிது நேரம் எடுத்தது.

மலைப்பாதைகளில் கற்களைக் குவித்து, அவற்றில் சிவப்பு நிறத்தில் ரி என்ற ஆங்கில எழுத்தைத் தீட்டியிருப்பார்கள். 1868 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நோர்வே மலைநடைச் சங்கத்தின் அடையாளம் அது. இருபதாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதைகளைத் தொண்டர்களே இப்படி அடையாளமிட்டுப் பராமரிக்கிறார்கள். முதல் நடையில் நான் அந்தச் சிவப்பு அடையாளத்தை விட்டு ஓர் அடிகூட விலகவில்லை. விரிவுரையாளர் வரைபடத்தைக் காட்டி, இனிப் பாதையை விட்டு இறங்கி அந்தக் குளத்துக்கு நேரே போவோம் என்றபோது என் கால் வரவில்லை. மீள்குடியேறிய பின் பாடசாலையில் எமக்குச் சொல்லித் தந்தது வேறு. சிவப்புப் பலகை தெரிந்தால் நில், தெரியாத பொருளைத் தொடாதே, சந்தேகமென்றால் வந்த அடித்தடத்திலேயே திரும்பு. மிதிவெடி விழிப்பூட்டலுக்கு வந்த அண்ணாமார் படம் காட்டிச் சொன்னவை அவை. எனக்கு அப்போது பத்து, பதினொரு வயது.

அந்தக் குளம் வரை முந்நூறு மீற்றர்கூட இராது. முன்னால் போன பிள்ளையின் சப்பாத்துத் தடத்தில் தடம் வைத்துத்தான் போனேன். ஒக்ரோபர் மாதமளவில்தான் கண்டபடி நடக்கப் பழகினேன். ஈரப் பாசியில் கால் புதைவதும், காட்டுப்பழச் செடி முழங்காலில் உரசுவதும் நல்ல சுகம். பாதையில்லாத இடத்தில் நடப்பதற்கென்று ஒரு சந்தோசம் உண்டு என்பதே எனக்குப் புதிது.

கூடாரம் வேறு கதை. ஓகஸ்ட் மூன்றாம் வாரம் மரங்கள் முடிந்து வெறும் புல்லும் பாறையும் தொடங்கும் உயரத்தில் எங்கள் முதல் இரவு. வெளிச்சம் இரவு பத்து மணிவரை இருந்தது. எல்லோரும் கூடாரங்களுக்குள் போனார்கள். நான் வெளியே ஒரு கல்லில் இருந்தேன். 2009 ஆம் ஆண்டு முகாமில் எமக்கும் கூடாரம்தான். இரண்டு குடும்பம் ஒன்றில். பகலில் உள்ளே இருக்கமுடியாத வெக்கை. வெயிலில் காய்ந்த பிளாஸ்ரிக் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. சொங்டால் கூடாரம் புத்தம் புதியது, மெல்லியது, விலை கூடியது. ஆனால் மணம் கிட்டத்தட்ட அதேதான்.

விரிவுரையாளர் கோப்பையில் தேநீர் கொண்டுவந்து தந்துவிட்டு அருகில் இருந்தார். என் பெயரும் நாடும் அவருக்குத் தெரியும். ஆனால் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தின் பின், "தலையை வாசல் பக்கம் வைத்துப் படு. வாசலைத் திறந்து விடு. கொசுவுக்கு வலை இருக்கிறது" என்றார். அப்படித்தான் படுத்தேன். நித்திரை வந்தது.

இரண்டாவது பயணத்தில் மழை. இரவு பதினொரு மணிக்கு மழைச்சத்தம் கூரையில் விழுந்ததும் எழும்பிவிட்டேன். முகாமில் மழை வந்தால் யாரும் படுப்பதில்லை. சாப்பாட்டுக் கோப்பையால் மண் வெட்டி, கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் எடுக்கவேண்டும். 2009 ஓகஸ்ட் மழையில் அந்த வாய்க்கால்களும் நிரம்பி வெள்ளம் உள்ளே வந்தது. தம்பியை அம்மா தோளில் வைத்துக்கொண்டு விடியும்வரை நின்றார். இது எதையும் நினைத்து நான் எழும்பவில்லை. கை தானாகவே கரண்டியைத் தேடியது.

என்னுடன் படுத்திருந்த ஒல்லாந்துப் பிள்ளை விழித்துவிட்டாள். "தரை சரிவு, தண்ணீர் வராது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து ஏதோ விளங்கியிருக்கவேண்டும். மேலங்கியைப் போட்டுக்கொண்டு, மின்சூளுடன் என்னோடு வெளியே வந்தாள். இருவரும் கூடாரத்தைச் சுற்றி நடந்து தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தோம். அன்றிரவு மூன்று தடவை இப்படிச் செய்தோம். மூன்றாவது தடவை நான் எழும்ப முன்னர் அவளே எழும்பிவிட்டாள். காலையில்தான் காரணத்தைச் சொன்னேன். அவள் என்னைவிட இரண்டு வயது இளையவள். எங்கள் நாட்டில் போர் நடந்ததே அவளுக்குத் தெரியாது.

தொலைபேசியில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "காசு குடுத்துத் தறப்பாளுக்குள்ள படுக்கவோ பிள்ளை உவ்வளவு தூரம் போனனீ?" என்றார். அந்த வருடம் ஊரில் எரிவாயு இல்லை. அம்மா விறகடுப்பில் நின்றுகொண்டு கதைத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாமானைக் கட்டி முதுகில் தூக்குவது, மூன்று கல் வைத்துச் சமைப்பது, சீலைக்குக் கீழே படுப்பது, எல்லாம் அன்று செய்த அதே வேலைகள். ஆனால் இங்கே மூன்றாம் நாள் மத்தியானம் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்று எல்லோருக்கும் தெரியும். சுடுதண்ணீரும் கட்டிலும் காத்திருக்கும். எத்தனை பேர் போனோம், எத்தனை பேர் வரவேண்டும் என்று ஒருவர் பேரேட்டில் எழுதி வைத்திருப்பார். இதை அம்மாவுக்குச் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நல்லாப் படு" என்றார்.

பெண்களுக்கான இன்னொரு விடயம். முதல் வாரத்திலேயே விரிவுரையாளர் ஆண் மாணவர்களும் இருக்கும்போது, மாதவிடாய் நாட்களில் மலையில் என்ன செய்வது என்று விளக்கினார். பயன்படுத்தியவற்றை இறுக்கமான பைக்குள் இட்டுத் திரும்பக் கொண்டுவரவேண்டும். யாருக்காவது வயிற்றுநோவென்றால் சொல்லவேண்டும், நடையின் வேகத்தைக் குறைப்போம். மலசலத்துக்கு எந்தப் பக்கம் பெண்கள் போவது என்று தங்கும் இடத்தில் முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் கூடாரம் அடிப்பார்கள். ஒருவரும் வெட்கப்படவில்லை, நெளியவில்லை. இடப்பெயர்வின்போது இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருந்த பெண்களை, பழஞ்சேலை கிழித்துத் துவைக்கத் தண்ணீர் இல்லாமல் நின்ற பெரியக்காமாரை நான் கண்டிருக்கிறேன். நீங்களும் கண்டிருப்பீர்கள், பட்டிருப்பீர்கள். பதினைந்து நிமிட வகுப்பு அது. எனக்கு அந்த அரையாண்டில் மறக்கமுடியாத வகுப்புகளில் ஒன்று.

இந்தப் பாடத்தில் அடிக்கடி வரும் பெயர் ஃபிரித்யொஃப் நான்சன். 1888 ஆம் ஆண்டு ஐந்து தோழர்களுடன் கிறீன்லாந்தின் பனிப்பரப்பைச் சறுக்குக் கட்டையில் கடந்தவர். நோர்வேயில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த வீரர். ஆனால் எனக்கு ஆச்சரியம் தந்தது அவருடைய பிற்கால வாழ்க்கை. முதலாம் உலகப்போருக்குப் பின் 1921 இல் சர்வதேச சங்கம் அவரை அகதிகளுக்கான உயர் ஆணையாளராக நியமித்தது. அந்தப் பதவியில் முதலாமவர் அவரே. நாடிழந்தவர்களுக்கு நான்சன் கடவுச்சீட்டு என்ற பயண ஆவணம் கிடைக்கச் செய்தார். 1922 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார். முகாமில் எங்கள் கூடாரத்தின் மேல் யூ.என்.எச்.சி.ஆர். என்று நீல எழுத்து இருந்தது. அந்த நிறுவனத்துக்கு முன்னோடி அவருடைய பணிதான். விரும்பிப் பனியில் படுத்த மனிதர் ஒருவரே, விரும்பாமல் வெளியில் படுத்தவர்களுக்காகவும் அலைந்திருக்கிறார். அவருடைய படத்தை வகுப்பில் கண்டபோதெல்லாம் அந்த நீல எழுத்துகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

நான்சனைப் போன்ற ஆண்களின் கதைதான் புத்தகங்களில் அதிகம். ஆனால் நாம் நடந்த பாதைகளில் பல முதலில் பெண்களின் பாதைகள். பழைய நாட்களில் கோடைகாலத்தில் மாடு, ஆடுகளை மலைப் புல்வெளிக்கு ஓட்டிச்சென்று அங்குள்ள சிறு குடிசைகளில் தங்கிப் பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆண்கள் கீழே வைக்கோல் வெட்டினார்கள். இளம்பெண்கள் மாதக்கணக்கில் மலையில் தனியே இருந்து, கால்நடையையும் காத்து, செய்த பண்டத்தையும் முதுகில் சுமந்து இறக்கினார்கள். இந்தக் கோடைகாலப் பண்ணை மரபை நோர்வேக்கும் சுவீடனுக்கும் பொதுவான பாரம்பரியமாக யுனெஸ்கோ 2024 இல் பட்டியலில் சேர்த்தது. அந்தக் குடிசைகள் பலவற்றில் இன்று கூரை இல்லை. ஆனால் வாசற்படிக் கற்கள் தேய்ந்து பளபளக்கின்றன. அவர்கள் செய்த பழுப்புநிறப் பாலாடைக்கட்டி இன்றும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். பாலைக் காய்ச்சிப் பனங்கட்டி போட்டு இறுக்கியது போன்ற சுவை. பாணுக்குள் வைத்துச் சாப்பிடலாம். எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது.

சொங்டாலுக்கு வடகிழக்கே ஊருங்கானே என்ற கூர்மையான மலைத்தொடர் இருக்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரம் 2,400 மீற்றரைத் தாண்டும். அதில் 1894 ஆம் ஆண்டு ஏறிய முதற் பெண் தெரேசா பெர்தோ, தொழிலால் பள்ளிக்கூட ஆசிரியை. பெண் நீளப்பாவாடை தவிர வேறு அணிந்தால் ஊர் பேசும் காலம் அது. நாம் அந்தச் சிகரத்தில் ஏறவில்லை. தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. அதற்கு வேறு பயிற்சி வேண்டும்.

செப்ரெம்பரில் பனிக்கட்டியாறு பார்க்கப் போனோம். ஐரோப்பியப் பெருநிலத்திலேயே பெரிய பனிக்கட்டிப் பரப்பு யொஸ்டெடால்ஸ்பிறேன். அதன் ஒரு கிளை நீகார்ட்ஸ்பிறேன். சப்பாத்தின் அடியில் இரும்பு முட்கள் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, ஒருவர் பின் ஒருவராகப் பல மீற்றர் இடைவெளியில் ஏறவேண்டும். பனிக்கட்டி நீலமாக இருக்கிறது, பிளவுகளுக்குள் கடும் நீலம். ஒருவர் வழுக்கினால் மற்ற எல்லோரும் உடனே குந்தி முட்களை ஊன்றவேண்டும். ஆகவே கயிற்றைத் தொய்யவும் விடக்கூடாது, இழுக்கவும் கூடாது. இந்தப் பனிக்கட்டியாறு 1748 ஆம் ஆண்டளவில் பள்ளத்தாக்கின் கீழ்வரை நகர்ந்து வந்து வயலையும் ஒரு பண்ணைவீட்டையும் நசுக்கியது. அதன்பின் பின்வாங்கத் தொடங்கி, இன்று நான்கு கிலோமீற்றருக்கு மேல் உள்ளே போய்விட்டது. முன்னர் பனி இருந்த இடத்தில் இப்போது ஓர் ஏரி. சூடேறும் உலகில் அது இன்னும் வேகமாக உருகுகிறது என்று விரிவுரையாளர் கவலையோடு சொன்னார்.

என்னை உலுக்கியது பனியல்ல, லோயன் என்ற இடத்து ஏரி. இயற்கை அனர்த்தம் பற்றிய பாடத்துக்காக அங்கே கூட்டிச் சென்றார்கள். பச்சைநிறத் தண்ணீர், சுற்றிவரப் பனிமலை. கண்காட்சிப் படம்போல இருக்கும். 1905 ஜனவரி 15 இரவு மலையின் ஒரு பகுதி உடைந்து ஏரியில் விழுந்தது. எழுந்த பேரலை கரையிலிருந்த இரு குக்கிராமங்களை அள்ளிச் சென்றது. 61 பேர் இறந்தார்கள். எஞ்சியவர்கள் அங்கேயே வீடு கட்டினார்கள். 1936 செப்ரெம்பர் 13 அதிகாலை அதே மலை மீண்டும் உடைந்தது. இந்தமுறை அலை 70 மீற்றருக்கும் மேலே ஏறியது. 74 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிறது. வாசித்துக்கொண்டே போகமுடியாது.

ஜேர்மன் மாணவன் ஒருவன், 1905 இல் அவ்வளவு நடந்தபின் அந்தச் சனம் ஏன் திரும்பி வந்து அங்கேயே இருந்தது என்று கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. விரிவுரையாளர் பொதுவாக எல்லோரையும் பார்த்தார். நான் கையுயர்த்தினேன். 2004 சுனாமி எங்கள் கரையை அள்ளியபோது எனக்கு நான்கு வயது. அதன்பின் கடலுக்குப் போகமாட்டோம் என்று சொன்னவர்கள் எல்லோரும் சில மாதங்களில் வலையைத் திருத்தினார்கள். ஆழமான காரணம் எதுவும் தேவையில்லை. வயலும் வள்ளமும் அங்கேதான் இருக்கின்றன, பிள்ளைக்குச் சோறு அங்கிருந்துதான் வருகிறது, செத்தவர்களும் அங்கேதான் கிடக்கிறார்கள். வேறெங்கே போவது என்று அவனைக் கேட்டேன். வகுப்பில் நான் நீளமாகப் பேசியது அன்றுதான். இன்று நோர்வேயில் ஆபத்தான மலைகளில் கருவிகள் பொருத்தி இரவுபகலாகக் கண்காணிக்கிறார்கள். பிளவு விரியும் வேகம் கூடினால் கீழேயுள்ள மக்களை முன்கூட்டியே வெளியேற்றுவார்கள். அங்கே மலையை யாரும் நம்பி இருக்கவில்லை, அதை அளந்துகொண்டே அதன் கீழ் வாழ்கிறார்கள்.

பேர்கன் நகரில் எமது ஊர் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய கணவர் 1980களில் நோர்வேக்கு வந்தவர். அக்காலத்தில் இளைஞர் பலர் நோர்வே மக்கள் உயர்பள்ளிகளில் அனுமதி எடுத்துத்தான் அங்கே போனார்கள். பின்னர் வடகோடியில் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். அதற்கும் முன்னர், 1956 இலேயே நோர்வே போன அந்தோனி இராஜேந்திரம் என்பவரின் முயற்சியால் உருவான சீநோர் நிறுவனம் காரைநகரில் படகு கட்டியதை எமது மூத்தவர்கள் அறிவார்கள். நான் போனதும் அக்கா எனக்குக் கம்பளி உள்ளுடுப்பும் கையுறையும் தந்தார். பருத்தி நனைந்தால் காயாது, உடம்பைக் குளிராக்கிவிடும், கம்பளி நனைந்தாலும் சூடு தரும் என்று அவர்தான் சொன்னார். ஆனால் மலைக்கு அவர் ஏறியதில்லை. "முப்பது வருசமா இந்த மலையளப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். ஊரில நடந்தது காணுமடி பிள்ளை. இனி ஏன் சும்மா நடப்பான்?" என்றார்.

செப்ரெம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை அவரைச் சொங்டாலுக்கு வரச் சொன்னேன். விரைவுப் படகில் நாலைந்து மணித்தியாலம். சிகரம் எதற்கும் கூட்டிப் போகவில்லை. காட்டோரத்தில் சிவந்த புளிப்புப் பழங்கள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. தித்தபார் என்பார்கள். அக்கா முதலில் பாதையோரத்தில் நின்று, யாரும் ஏசமாட்டார்களா என்று கேட்டார். சட்டம் இருக்கிறது அக்கா என்றேன். குனிந்தவர் இரண்டு மணித்தியாலமாக நிமிரவில்லை. இரண்டு வாளி நிறைந்தது. நோர்வேக்காரர் அதற்குச் சீனி போட்டு இறைச்சியுடன் உண்பார்கள். அக்கா செத்தல் மிளகாயும் கடுகும் வெந்தயமும் போட்டு ஊறுகாய் ஆக்கினார். ஒல்லாந்துப் பிள்ளை அதைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுக் கண்ணீர் விட்டாள். அடுத்த கிழமை அக்கா தொலைபேசி எடுத்து, தங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மலையிலும் அந்தப் பழம் இருக்கிறதாம், போய்ப் பார்த்தாராம் என்றார்.

இப்போது சோதனைக்கு வருகிறேன். ஒக்ரோபர் முதல் வாரத்தில் மூன்று நாள் நடை. ஆறு பேர் கொண்ட குழுவை ஒவ்வொருவர் ஒவ்வொரு நாள் அல்லது அரைநாள் வழிநடத்தவேண்டும். விரிவுரையாளர் பின்னால் வருவார், வாய் திறக்கமாட்டார். வழியை வரைபடத்தில் போடுவது, வானிலை பார்ப்பது, கீழே ஒருவரிடம் எங்கே போகிறோம் என்று எழுதிக் கொடுப்பது, யாருக்குக் கால் நோகிறது, யார் சாப்பிடவில்லை என்று கவனிப்பது எல்லாம் தலைவரின் பொறுப்பு. இரண்டாம் நாள் எனக்கு வந்தது. ஒரு கணவாயைத் தாண்டி அடுத்த குடிலுக்குப் போகவேண்டும்.

காலை பத்து மணிவரை நல்ல வெயில். கணவாயை நெருங்க நெருங்கக் காற்று முகத்தில் அறைந்தது. மேலே முகில் இறங்கி, சிவப்பு அடையாளங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஈரப்பனி விழத் தொடங்கியது. பிரெஞ்சுப் பிள்ளை ஒருத்தி நடுங்கினாள், ஆனால் சரியாயிருக்கிறேன் என்றாள். இன்னும் ஒன்றரைக் கிலோமீற்றர்தான் என்று ஜேர்மன் மாணவன் சொன்னான். அவன் என்னைவிட ஓரடி உயரம், சிறுவயதிலிருந்து மலை ஏறியவன். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நோர்வேயில் மலைநடை விதிகள் என்று ஒன்பது உண்டு. 1967 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் மட்டும் 18 பேர் மலைகளில் இறந்த பின்னர் அவை நாடெங்கும் பரப்பப்பட்டன. நேரத்தோடு திரும்பவேண்டும், திரும்புவதில் வெட்கமில்லை என்பது அவற்றில் ஒன்று. அதை ஓகஸ்டிலேயே மனனம் செய்திருந்தேன். ஆனால் அந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் பாடசாலைப் படம்தான். வந்த அடித்தடத்திலேயே திரும்பு. "திரும்புகிறோம்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. ஜேர்மன் மாணவன் ஒரு கணம் நின்றான். பிறகு, பின்னால் நின்ற இருவரை எண்ணிக்கொண்டு கடைசியில் வரும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டான். நடுங்கிய பிள்ளைக்கு அக்கா தந்த கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டேன்.

நேற்று இரவு தங்கிய அதே குடிலுக்கு மூன்று மணியளவில் வந்து சேர்ந்தோம். இந்தக் குடில்களைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். மலைநடைச் சங்கத்துக்கு நாடெங்கும் 500க்கு மேற்பட்ட குடில்கள் உண்டு. பலவற்றில் காவலாள் இல்லை. சங்க உறுப்பினரிடம் உள்ள பொதுத் திறப்பால் திறந்து உள்ளே போகலாம். கட்டில், போர்வை, அடுப்பு, விறகு இருக்கும். சில குடில்களில் தகரத்தில் அடைத்த உணவும், மாவும், தேயிலையும் அடுக்கியிருக்கும். எடுத்ததை நாமே எழுதிப் பணத்தைக் கட்டவேண்டும். யாரும் பார்ப்பதில்லை. வாசலில் ஒரு புத்தகம். பெயர், எங்கிருந்து வந்தீர், எங்கே போகிறீர் என்று எழுதவேண்டும். ஆள் காணாமற்போனால் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் புத்தகத்தைத்தான். நேற்று எழுதியதன் கீழ், கணவாயிலிருந்து திரும்பி வந்தோம், ஆறு பேரும் நலம் என்று எழுதினேன்.

விரிவுரையாளர் அப்போதுதான் வாய் திறந்தார். புள்ளி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விறகு குறைந்திருக்கிறது என்றார். குடிலை விட்டுப் போகுமுன் கூட்டித் துடைத்து, வாளியில் தண்ணீர் நிரப்பி, அடுத்து வருகிறவருக்கு விறகு கொத்தி வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். நனைந்து குளிர்ந்து வருபவர் இருட்டில் கொத்திக்கொண்டு நிற்கக்கூடாது அல்லவா. கோடரியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். பெரிய குற்றிகள், பேர்ச் மரம். ஜேர்மன் மாணவன் கொத்தினால் கோடரி பாதியில் இறுகிக்கொண்டது. நான் வாங்கி, வெடிப்பு ஓடும் பக்கம் பார்த்து ஓங்கிப் போட்டேன். இரண்டாகப் பிரிந்தது. எங்கே பழகினாய் என்று கேட்டான். வீட்டில் என்றேன். இருட்டும்வரை கொத்தி, சுவரோரம் என் தோள் உயரத்துக்கு அடுக்கினோம்.